மாதிரி தெரிதலும் மாணாக்கர் கணிப்பும்

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் வாக்கு. பானையிலுள்ள அரிசி ஓரினமாய் ஒருங்கே வேகுதலின் அஃது அங்குப் பொருந்தும். மாணாக்கர் திரளோ அத்தகையதன்று. ஊரும் பாடமும் வசதியும் வேறுபட்ட 6000 மாணாக்கர் பயிலும் பல்கலைக்கழகம் ஒன்றை எண்ணுக. சிலரை வினவி அனைவர் கருத்தையும் அறிய விழைவோர் அச்சிலரை எங்ஙனம் தெரிதல் வேண்டும்?

தொகை பெரிதாயின் போதும் எனக் கருதுதல் தவறு. 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ‘லிற்றறி டைஜெஸ்ற்’ என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்குச் சீட்டனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் றூஸ்வெல்ற். தொலைபேசி இடாப்புக்களிலும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலும் இருந்து பெயர்கள் பெறப்பட்டமையால் வறியோர் பலர் விடுபட்டனர். விடையளித்தோரும் அளியாதோரும் ஒத்த கருத்தினராகவும் இருந்திலர். நூல்நிலையத்தில் இருப்போரை மாத்திரம் வினவி, நூல்நிலைய நேரம் போதுமெனத் துணிதலும் இத்தகைய பிழையே. மாலை பஸ்வண்டிக்கு விரையும் மாணவனின் குரல் அங்கே கேளாது.

ஆதலின், ஒவ்வொருவரும் தெரியப்படுதற்குரிய வாய்ப்பு இவ்வளவென முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும். அதற்குரிய முறைகளுள் முதன்மையானவை நான்கு.

முதலாவது எளிய எழுமாற்று முறை. இடாப்பிலுள்ள பெயர்களுக்கு எண்ணிட்டு, எழுமாற்றெண் அட்டவணைகொண்டு தெரிதல் இது. சிறு பிரிவினர் தற்செயலாக மிகக் குறைந்துவிடுதல் இதன்கண் நேரலாம்.

இரண்டாவது ஒழுங்கு முறை. 300 பேர் வேண்டின், முதல் இருபதின்மருள் ஒருவரைச் சீட்டிட்டுத் தெரிந்து, அவரிலிருந்து ஒவ்வோர் இருபதாம் பெயரையும் எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது படைகொண்ட முறை. இதன் சிறப்பை நெய்மன் என்னும் அறிஞர் 1934இல் விளக்கினார். கலை பயில்வோர் 3000, விஞ்ஞானம் 2000, வணிகம் 1000 எனின், முறையே 150, 100, 50 பேரை அவ்வப் பிரிவுள் எழுமாறாகத் தெரியலாம்.

நான்காவது கொத்தணி முறை. சில வகுப்புக்களை எழுமாறாகத் தெரிந்து, அவற்றிலுள்ள அனைவரையும் வினவுதல் இது. செலவு குறையும், ஆயின் ஒரு வகுப்பினர் தம்முள் பெரிதும் ஒத்திருத்தலின் நுட்பமும் குறையும்.

பிரிவுவாரியான நிறைவான இடாப்பு உளதேல் படைகொண்ட முறை நன்று. வகுப்புக்களின் பட்டியல் மாத்திரம் உளதேல் கொத்தணி முறை ஏற்றது. எம்முறையாயினும், தெரியப்பட்டவர் வராதவிடத்து அருகிலிருப்பவரை வினவி அமைதல் தகாது. வராதவரையே மீண்டும் தேடிச் செல்லுதல் வேண்டும். அவருடைய குறையே நாம் அறியவேண்டிய குறையாதல் கூடும்.