உங்களுக்குத் தெரியுமா? மக்காச்சோளத்திலிருந்தும் எலாஸ்டிக் வரும்!

ஒரு பிராவைப் பிரித்துப் பார்த்தால் கம்பி, கொக்கி, லேஸ், ஃபோம், தோள்பட்டி வளையம், எலாஸ்டிக் என 20-க்கும் மேற்பட்ட துண்டுகள் கையில் வரும். பழைய பிராக்களை மறுசுழற்சி செய்வது கடினமாக இருப்பதற்கு இந்தக் கலவைதான் முக்கியக் காரணம்.

அதிலும் பிடிவாதமானது, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் எலாஸ்டேன் இழை. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷைவர்ஸ் கண்டுபிடித்த இது, பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. இப்போது லைக்ரா நிறுவனம், அயோவா மாநிலத்து மக்காச்சோளத்தைக் கொண்டு சுமார் 70 சதவீதம் தாவர மூலப்பொருள் உள்ள இழையைக் கொண்டுவருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், செடியிலிருந்து வந்ததாலேயே அது மண்ணில் மட்கிவிடாது. வாங்குபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இழை மட்டுமல்ல, உள்ளாடை ஆலைகளும் மாறுகின்றன. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக 2008-ல் இலங்கையின் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனம் திறந்த ‘துருலி’ உள்ளாடை ஆலையில் செடிகள் வளரும் கூரை, சூரிய மின்சாரம், நீர் ஆவியாவதன் மூலம் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் உண்டு. நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்கு வழக்கமான ஏ.சி. இல்லாமலே இதமான காற்று கிடைக்கிறது.