அகலமாகப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

மயிலாப்பூரில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது என்று முடிவானவுடன் பெரியப்பா எனக்கு போன் செய்தார். "கேமரா வச்சிருக்கியே, இடிக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு ரூமா எடுத்துக் கொடுத்துடுப்பா" என்றார். என்னிடம் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24 எம்எம் லென்ஸும் இருந்தன. இது போதும் என்ற எண்ணத்தில் போனேன். போதவில்லை. கூடத்தில் சாமி படங்கள் மாட்டியிருந்த சுவர் 16 அடி நீளம். எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் லென்ஸுக்கும் அந்தச் சுவருக்கும் 7 அடிதான் இருந்தது. படத்தில் வந்தது பத்தரை அடி. மீதிச் சுவரும், அதில் இருந்த தாத்தாவின் பெரிய கடிகாரமும் படத்திற்கு வெளியே நின்றுவிட்டன.

வீட்டைக் காலி செய்ய மூன்று வாரம் பாக்கி இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அல்ட்ரா வைட் லென்ஸ் பற்றி நான் தெரிந்து கொண்டதையும், செய்த ஒரு தவறையும் இங்கே தருகிறேன். கம்ப்யூட்டரும் கேமராவும் புதிதாக வாங்கியவர்கள் இந்த லென்ஸுக்குப் பணம் போடும் முன் ஒரு முறை படித்துவிடலாம்.

முதலில் சில சொற்களைப் பார்த்துவிடுவோம். ஜூம் செய்ய முடியாத, ஒரே எம்எம் அளவு கொண்ட லென்ஸ் பிரைம் லென்ஸ் எனப்படும். ஃபோகஸ், அபெர்ச்சர் இரண்டையும் நாமே கையால் வளையத்தைத் திருகி அமைக்க வேண்டியது மேனுவல் லென்ஸ். ஃபுல் ஃபிரேம் என்பது சென்சாரின் அளவு. 36 எம்எம் அகலம், 24 எம்எம் உயரம். பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படம் பிடித்த இடமும் இதே அளவுதான். உங்கள் கேமராவில் இருப்பது இதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், 14 எம்எம் லென்ஸ் உங்களுக்கு 21 அல்லது 22 எம்எம் போலத்தான் காட்டும். இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

எத்தனை எம்எம் வேண்டும்?

"எது நல்ல லென்ஸ்?" என்று கேட்பதற்கு முன்னால் "நான் எவ்வளவு தள்ளி நிற்க முடியும்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். கணக்கு எளிதானது. கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எம்எம் அளவால் வகுங்கள். படத்தில் எத்தனை அடி அகலம் வரும் என்பது கிடைத்துவிடும். எங்கள் கூடத்தின் 7 அடி தூரத்திற்கு 24 எம்எம் கொடுத்தது பத்தரை அடி. 20 எம்எம் என்றால் ஏறத்தாழ பன்னிரண்டரை அடி. 15 எம்எம் என்றால் ஏறத்தாழ 16 அடி 10 அங்குலம். எனக்கு வேண்டியது 15 என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கபாலீசுவரர் கோயில். அதன் கிழக்கு ராஜகோபுரம் 1906ல் கட்டப்பட்டது; உயரம் சுமார் 120 அடி. இதை அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்பக்கம் சாய்வது போல வரும். அப்படி வராமல் இருக்க கேமராவைத் தரைமட்டத்திற்கு நேராகப் பிடிக்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி நேராகப் பிடித்தால் நம் கண் உயரம் படத்தின் நடுவில் அமையும். கோபுரத்திற்குக் கிடைப்பது மேல் பாதியான 18 எம்எம் மட்டுமே. கண் உயரம் 5 அடியைக் கழித்தால் மீதி 115 அடி. இதை லென்ஸ் அளவால் பெருக்கி 18ஆல் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் வரும். 24 எம்எம் லென்ஸுக்கு 153 அடி, 20க்கு 128 அடி, 14க்கு 89 அடி. 50 எம்எம் லென்ஸ் வைத்திருப்பவர் 319 அடி தள்ளிப் போக வேண்டும். அதற்குள் எத்தனை மின்கம்பி, எத்தனை பந்தல், எத்தனை ஆட்டோ குறுக்கே வரும் என்பதை மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் கீழ்ப் பாதியில் வெறும் சாலை வரும். அதை கம்ப்யூட்டரில் வெட்டிக் கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். விண்டோஸில் உங்கள் படங்கள் உள்ள போல்டரைத் திறந்து, டீட்டெயில்ஸ் வியூவிற்கு மாறுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதில் ஃபோகல் லெங்த் என்பதை டிக் செய்தால், ஒவ்வொரு படமும் எத்தனை எம்எம்மில் எடுக்கப்பட்டது என்று வரிசையாகத் தெரியும். உங்கள் ஜூம் லென்ஸின் ஆகக் குறைந்த அளவிலேயே பாதிப் படங்கள் இருந்தால் உங்களுக்கு அகலம் தேவைப்படுகிறது என்று பொருள். எல்லாம் 50, 70 என்று இருந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கோபுரம் போன்ற அசையாத பொருள் என்றால், இருக்கும் லென்ஸிலேயே மூன்று நான்கு படங்கள் எடுத்து ஹக்கின் என்ற இலவச புரோகிராமில் ஒட்டிக் கொள்ளலாம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் இது நடக்காது. முதல் படத்தில் இருந்தவர் இரண்டாவது படத்திலும் வந்து நிற்பார். சிலருக்குப் பாதி உடல்தான் இருக்கும். அங்கே ஒரே கிளிக்கில் அகலம் வேண்டும்.

மேனுவல் என்றால் பயம் வேண்டாம்

ஆட்டோஃபோகஸ் இல்லையே என்று பலர் தயங்குவார்கள். நீளமான லென்ஸில் அது நியாயமான பயம். அல்ட்ரா வைட் லென்ஸில் அவ்வளவு இல்லை. 15 எம்எம் லென்ஸில் அபெர்ச்சரை எஃப் 8ல் வைத்து ஃபோகஸை 1 மீட்டரில் நிறுத்தினால், அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். 50 எம்எம் லென்ஸில் அதே எஃப் 8ல் இப்படி அமைக்க பத்தரை மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும். ஐந்து மீட்டருக்குள் இருப்பவை மங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு சாதாரண அளவு பிரிண்ட்டுக்கானது. மானிட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் தூரத்துப் பொருள் சற்று மென்மையாகத் தெரியும். விலை குறைந்த லென்ஸ்களில் வளையத்தில் அச்சிட்ட எண்களும் சரியாக இருப்பதில்லை. ஆகவே கேமரா திரையில் ஒரு இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு முறை ஃபோகஸ் வைத்து, அந்த இடத்தில் வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் தொடர்பு இல்லாத மேனுவல் லென்ஸை மாட்டினால் சில கேமராக்கள் படமே எடுக்காது. லென்ஸ் இல்லை என்று நினைத்துக் கொள்ளும்! மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்ற பொருளில் ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும். கேமராவின் உள்ளே நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸ் எத்தனை எம்எம் என்பதையும் மெனுவில் நாமே கொடுக்க வேண்டும். மேலே சொன்ன ஃபோகல் லெங்த் கட்டம் இத்தகைய படங்களுக்குப் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

நேர்க்கோடு நேராக வருகிறதா?

வீட்டைப் படம் எடுப்பவருக்கு முக்கியமானது இதுதான். 2009ல் அறிமுகமான சாம்யாங் 14 எம்எம் எஃப் 2.8 லென்ஸ் விலை குறைவு, படத்தின் தெளிவு நன்று. ராகினான், பவர் போன்ற வேறு பெயர்களிலும் இதே லென்ஸ் விற்கப்பட்டது. ஆனால் நேர்க்கோடுகளை மீசை போல வளைத்துக் காட்டும். இதற்கான லென்ஸ் புரொஃபைலைக் கொண்டு கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். சாதாரண வளைவை நீக்கும் ஸ்லைடரால் முழுமையாகச் சரியாகாது. முன் கண்ணாடி உருண்டு வெளியே நிற்பதால் பில்டரும் திருக முடியாது. லாவா நிறுவனத்தின் 12 எம்எம் எஃப் 2.8, 15 எம்எம் எஃப் 2 ஆகியவை ஜீரோ-டி என்ற பெயரில் வருகின்றன; வளைவு மிகக் குறைவு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பிந்தையதில் 72 எம்எம் பில்டர் மாட்டலாம். ஃபோக்ட்லாண்டர் 15 எம்எம் எஃப் 4.5 மிகச் சிறியது. இதைப் பழையதாக வாங்கினால் 2015ல் வந்த மூன்றாவது பதிப்பாகப் பாருங்கள். ஃபிலிம் காலத்து முதல் பதிப்பு டிஜிட்டல் சென்சாரில் ஓரங்களில் ஊதா நிறம் காட்டும்.

எஃப் 2 வேண்டுமா, 4.5 போதுமா? இரவில் நட்சத்திரம் எடுப்பவருக்கு எஃப் 2 வேண்டும். சென்னையின் வெளிச்சத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று மொட்டை மாடிக்குப் போய் எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். அறைகளையும் கட்டடங்களையும் டிரைபாட் வைத்து எஃப் 8ல்தான் எடுக்கப் போகிறீர்கள்.

வளைவைச் சோதிக்க தி.நகரில் நல்ல இடம் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்க 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை சுமார் 570 மீட்டர் நீளம். அதன் கைப்பிடிக் கம்பி படத்தின் ஓரத்தில் வருமாறு எடுங்கள். பிறகு படத்தை கிம்ப் புரோகிராமில் திறந்து, ஓரத்தில் உள்ள ரூலரிலிருந்து ஒரு கைடு கோட்டை இழுத்து அதன் மேல் வையுங்கள். எடுக்கும்போது கேமரா சாயாமல் இருந்ததா என்பதை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். வீட்டில் டைல்ஸ் சுவர் இருந்தால் அதுவும் போதும்.

என் தவறு

15 எம்எம் மேனுவல் லென்ஸ் ஒன்றை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். சுவர், கடிகாரம், மாடிப்படி, கிணற்றடி எல்லாம் நேராக வந்தன. கடைசியில் எல்லோரும் கூடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக் கொண்டோம். பாட்டியை வசதியாக இருக்கட்டும் என்று ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். இரவு மானிட்டரில் பார்த்தபோது பாட்டியின் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல இருந்தது. நடுவில் நின்ற பையன்கள் சரியாக இருந்தார்கள்.

இது லென்ஸின் குறை அல்ல. நேர்க்கோட்டை நேராகவே காட்ட வேண்டுமானால் ஓரத்தில் உள்ள உருண்டையான பொருள் நீண்டுதான் தீரும். 24 எம்எம்மில் ஓரத்து முகம் கால் பங்கு கூடுதலாக அகலும். 15 எம்எம்மில் ஒன்றரை மடங்குக்கு மேல். எத்தனை விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆட்களை நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தைச் சுவருக்கும் தூணுக்கும் விட்டுவிடுங்கள்.

மறுநாளே வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறிவிட்டதால் இன்னொரு முறை எடுக்க வழியில்லை. ஹக்கின்தான் உதவியது. அந்தப் படத்தை அதில் திறந்தவுடன் லென்ஸ் விவரம் இல்லை என்று கேட்டது. ஃபோகல் லெங்த் 15, கிராப் ஃபேக்டர் 1 என்று டைப் செய்தேன். புரொஜெக்‌ஷன் என்ற இடத்தில் பனினி என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலத்தைச் சற்றே குறைத்து, படத்தை உருவாக்கச் சொன்னேன். தூண்கள் நேராகவே இருந்தன, பாட்டியின் முகம் பழையபடி வந்தது. தரையின் கோடு மட்டும் லேசாக வளைந்துவிட்டது. பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை.

எனக்கென்று வாங்கியது என்னவோ பழைய நிக்கான் 20 எம்எம் எஃப் 3.5 லென்ஸ்தான். 52 எம்எம் பில்டர் போதும், பையில் இடம் அடைக்காது. தெருவுக்கும் கோபுரத்துக்கும் இது எனக்குச் சரியாக இருக்கிறது. 15 எம்எம் தேவைப்பட்ட அந்தக் கூடம் இப்போது இல்லை. பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்களை மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் போட்டு மாட்டிக் கொள்ளலாம். பழைய லென்ஸ் வாங்கும்போது அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அடையாறு, மயிலாப்பூர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரக்காற்று அதிகம் என்பதால் நல்ல லென்ஸிலும் இது வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்பது பார்த்தவுடன் தெரியும்.