லக்னோ போனது பாட்டனா, ஓட்டனா?

சென்ற வாரம், வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து தங்கவயலுக்கு வந்த குடும்பங்கள் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பார்த்தோம். ஊர் தெரிந்துவிட்டால் அடுத்து எழும் கேள்விகளில் ஒன்று பட்டாளத்தைப் பற்றியது. ‘எங்கள் பாட்டனார் கிழக்கிந்தியக் கும்பெனிப் பட்டாளத்தில் இருந்தார், 1857 சண்டையில் லக்னோ வரை போனார்’ என்று சொல்லும் குடும்பம் அந்தப் பேச்சை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? 1857இல் வடக்கே நடந்தது கும்பெனியை எதிர்த்த எழுச்சி. அதே சமயம், பீரங்கியின் இரு பக்கமும் இந்தியர்கள் நின்ற உள்நாட்டுப் போரும் அதுவே. அதில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களில் ஒருவரைத் தேடிப் புறப்படுகிறவர் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் வெறுங்கையோடுதான் திரும்புவார். பட்டாளத்தின் எண்ணிலிருந்தும் ஆண்டிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

பெயர் ஏன் கிடைக்காது என்பதற்குக் காரணம் காலம் அல்ல, பதிவு செய்த முறை. தங்கவயலில் சுரங்க உரிமை கேட்டு 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்த மைக்கேல் லெவெல், நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறிய அயர்லாந்துச் சிப்பாய். அவர் பெயர் சுரங்க வரலாற்றில் இருக்கிறது, பெங்களூரில் ஒரு சாலைக்கும் இருக்கிறது. சென்னைப் படையில் சேர்ந்த சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாயைப் பற்றிய பதிவேடுகள்கூட லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. அதே படையில் பணியாற்றிய தமிழர் சுபேதாராகவோ ஜமேதாராகவோ உயர்ந்திருந்தால் படைப்பட்டியலில் தட்டுப்படலாம். வீர விருது பெற்றிருந்தால் அரசாணையில் இருக்கலாம். வெறும் சிப்பாயின் விவரம் அவருடைய பட்டாளத்து ஆபீசில் இருந்த ஏட்டோடு நின்றது. பட்டாளம் கலைந்தபோது பெரும்பாலும் ஏடும் போயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். அங்கே வடக்குப் படையில் சேர்ந்த சுமார் 1,79,000 கறுப்பினத்தவரில் மிகப் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பிறந்த தேதிக்கோ திருமணத்துக்கோ காகிதம் இல்லாதவர்கள். பென்ஷன் தருவதற்கு முன் அரசு, விதவையிடமும் அண்டை வீட்டாரிடமும் உடன் பணியாற்றியவரிடமும் வாக்குமூலம் வாங்கியது. அந்தக் கோப்புகள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே ஒருவர் தன் மூதாதையின் மனைவி பேசிய பேச்சையே படிக்க முடிகிறது. நம்மவருக்கு அது வாய்க்கவில்லை.

ஆகவே பட்டாளத்துக்கு வருவோம். இங்கே நல்ல செய்தி உண்டு. சென்னைப் படையின் பட்டாளங்கள் எங்கெங்கே போயின, எங்கெங்கே போரிட்டன என்பதைக் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் பல தொகுதிகளாக எழுதி வைத்தார். படையின் பொறியியல் பிரிவினரான சாப்பர்களைப் பற்றி எச். எம். விபார்ட் இரண்டு தொகுதிகள் எழுதினார். 1857–58இல் சென்னைப் படையின் பெரும்பகுதி தெற்கிலேயே இருந்தது. வடக்கே போரிடச் சென்றவை சில. 27ஆம் சென்னைக் காலாட்படை லக்னோவுக்கான போர்ச் சிறப்பைப் பெற்றது. மதராஸ் சாப்பர் கம்பெனிகள் லக்னோவிலும், ஜான்சியை முற்றுகையிட்ட ஹியூ ரோஸின் மத்திய இந்தியப் படையிலும் இருந்தன. குடும்பக் கதை சொல்லும் பட்டாளம் இந்தச் சிலவற்றில் இல்லையென்றால் கதையின் ‘லக்னோ’ ஆட்டம் காண்கிறது. ‘மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. கும்பெனி அதிகாரி நீல் தலைமையில் வாரணாசி, அலகாபாத், கான்பூர் வழியாக லக்னோ வரை போன அந்தப் படை முழுக்க வெள்ளையர் படை. பின்னாளில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் கலந்துவிட்டது. பெயரில் மதராஸ் இருந்தாலும் அதில் தமிழ்ச் சிப்பாய்க்கு இடமில்லை.

எண்ணைப் பிடித்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 1857க்குப் பிறகு, அதிலும் 1880களில் ராபர்ட்ஸ் சென்னைப் படைக்குத் தலைமை ஏற்ற காலத்திலிருந்து, தென்னிந்தியர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற கொள்கை கால் ஊன்றியது. சென்னைப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. பல பட்டாளங்களில் தமிழருக்குப் பதிலாக வடக்கத்தியர் சேர்க்கப்பட்டனர். 1903இல் இந்தியப் படைத் தலைவர் கிச்சனர் பட்டாளங்களின் எண்களை மாற்றியபோது லக்னோ போன அந்த 27ஆம் பட்டாளம் 87ஆம் பஞ்சாபியர் படை ஆனது. தமிழ்ச் சிப்பாயின் பட்டாளத்தைப் பஞ்சாபின் பெயரில் தேட வேண்டிய நிலை! அந்தச் சுத்திகரிப்பில் முக்கியமாகத் தப்பியவை சாப்பர்களும் பயனியர்களும். பயனியர்களை 1933இல் கலைத்தார்கள். 1860களில் பெங்களூருக்கு வந்த சாப்பர்கள் இன்றும் அல்சூரில் மதராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் இருக்கிறார்கள். பறையரும் கிறிஸ்தவரும் சேர வழி திறந்திருந்த பட்டாளம் அது. பெங்களூர்த் தண்டிலிருந்து ரயிலில் எட்டிவிடும் தூரத்தில் உள்ள தங்கவயல் குடும்பம் ஒன்று முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பேன்.

அடுத்து வயதுக் கணக்கு. 1857இல் இருபது வயதுச் சிப்பாய் 1837 வாக்கில் பிறந்தவர். சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது 1880இல்; அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று. அவரே சுரங்கத்தில் இறங்கியிருக்க முடியாது என்றில்லை; ஆனால் இறங்கியது அவர் மகனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்று எழுபது வயதில் இருப்பவருக்கு அந்தச் சிப்பாய் பாட்டனாக இருக்க வழி இல்லை என்றே சொல்லலாம். பாட்டனுக்கு அப்பன் பூட்டன், அவருக்கும் அப்பன் ஓட்டன். அந்தத் தலைமுறைக்குப் போனால்தான் கணக்குச் சேரும். வாய்வழிக் கதை தலைமுறைகளைச் சுருக்கிவிடும். ‘பாட்டனார் சண்டைக்குப் போனார்’ என்பது உண்மையாக இருந்து, அந்தச் சண்டை 1885இல் தொடங்கிய பர்மா போராகவோ, 1914க்குப் பிந்தைய மெசபடோமியாவாகவோ இருக்கலாம். அதனால் கதையின் மதிப்பு குறைந்துவிடாது. தேட வேண்டிய இடம்தான் மாறும். தங்கவயலிலேயே இருந்த ‘வாலண்டியர்’ படையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிய துணைப்படை. தமிழ்த் தொழிலாளி அதன் பட்டியலில் இருக்க மாட்டார்.

இப்படிப் பட்டாளம் தெரிந்தாலும் ‘இவர்தான் எங்கள் முன்னோர்’ என்று அது நிரூபிக்குமா என்று கேட்கலாம். நிரூபிக்காது. ஆனால் சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. மனைவி மக்கள் பட்டாளத்து லைனிலேயே குடியிருந்து, பட்டாளம் இடம் மாறினால் கூடவே மாறினார்கள். சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே ‘ரெக்ரூட் பாய்’ என்று பட்டாளக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஒரே பட்டாளத்தில் தகப்பனும் மகனும் இருப்பது சாதாரணம். பிள்ளைகள் பிறந்த ஊர்கள் பட்டாளம் தங்கிய ஊர்களாக இருக்கும். ஒரு குடும்பத்தில் மூத்தவர் ஓர் ஊரிலும் இளையவர் வேறோர் ஊரிலும் பிறந்ததாகச் சொல்லப்பட்டால், அந்த ஊர்களை வில்சன் குறிப்பிடும் இடங்களோடு ஒத்துப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால், பெங்களூர்த் தண்டின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனாரின் தொழிலைக் குறித்திருக்கக்கூடும். மூன்று ஊர்கள் வரிசையாகப் பொருந்தினால் அது தற்செயல் என்று சொல்வது கடினம். பெயரே இல்லாத இடத்தில் நமக்குக் கிடைக்கும் வலுவான சான்று இது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கும்பெனிக்காகச் சொந்த நாட்டாரைச் சுட்டவரைத் தேடிப் பெருமைப்பட வேண்டுமா? பெருமைப்படச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். நீல் வழிநெடுகத் தூக்கிலிட்டுக்கொண்டே போனவர். அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த சத்தியாகிரகம் நியாயமானது. 1937இல் ராஜாஜி அரசு அதைச் சாலையிலிருந்து அகற்றியதும் நியாயமானது. ஆனால் உத்தரவு போட்டவரையும், கிராமத்தில் கூலியும் தீண்டாமையும் தவிர வேறு வழி காணாமல் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் பட்டாளத்தில் சேர்ந்தவரையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. விசுவாசமும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1857இல் பெங்களூரிலிருந்து வங்காளத்துக்குப் புறப்பட்ட 8ஆம் சென்னைக் குதிரைப்படை, சம்பளம், பென்ஷன் பற்றிய பழைய குறையைத் தீர்க்காமல் கப்பலேற மாட்டோம் என்று மறுத்தது. ஆயுதங்களையும் குதிரைகளையும் பறித்துக்கொண்டு, குதிரைகளை மட்டும் வங்காளத்துக்கு அனுப்பினார்கள். தேடப் போகும் குடும்பத்துக்குக் கிடைப்பது, போனவரின் கதையாகவும் இருக்கலாம், போக மறுத்தவரின் கதையாகவும் இருக்கலாம். பட்டாளக் கதவு தமிழருக்கு, முக்கியமாகத் தாழ்த்தப்பட்டோருக்கு, அடைபட்டு வந்த அதே இருபது ஆண்டுகளில்தான் தங்கவயலின் சுரங்க வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எத்தனை குடும்பங்கள் பட்டாள லைனிலிருந்து சுரங்க லைனுக்கு வந்தன என்பதைக் குடும்பம் குடும்பமாகத் தேடினால் ஒழியச் சொல்ல முடியாது.

அதனால் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வெள்ளிப் பதக்கம் ஏதேனும் இருந்தால் அதைப் பாலிஷ் போடவோ அடகுக்கடைக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். விக்டோரியா காலப் பதக்கங்களின் விளிம்பில் பெறுநரின் பெயரையும் பட்டாளத்தையும் பொறிப்பது வழக்கம். நல்ல வெளிச்சத்தில் அந்த விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்து வையுங்கள். பதக்கம் இல்லாத வீடுகளில், மூத்தவர்கள் நினைவில் உள்ள பட்டாள எண்ணையும் பிள்ளைகள் பிறந்த ஊர்களையும் அவர்கள் சொல்லும் வரிசையிலேயே இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் பர்மா போருக்குப் போனவர்களைத் தேடுவோம்.