தினமும் அதே கனவு!

"என்ன செக்குமாட்டுப் பிழைப்பு இது!" என்று அலுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டோ? அந்த அலுப்பையே ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டாக்கிவிட்டார். இத்தாலியரான பாவ்லோ பெடர்சினி 2009-ல் ஒரு வாரத்துக்குள் செய்த அதன் பெயர், 'எவரி டே தி சேம் டிரீம்'.

கதாநாயகனுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. அலாரம் அடிக்கிறது. உடை மாட்டுகிறான். அடுப்படியில் நிற்கும் மனைவி, நேரமாகிவிட்டதென்று விரட்டுகிறாள். லிப்ட், கார் நெரிசல், முதலாளியின் ஏச்சு, வரிசை வரிசையாக மேஜைகள். உட்கார்ந்தானோ இல்லையோ, மறுபடி அலாரம்! அதே படுக்கை!

லிப்டில் ஒரு கிழவி, இன்னும் ஐந்தே படிகள், பிறகு நீ புது மனிதன் என்கிறாள். படிகள் எவை? தினம் செய்யாததைச் செய்வதுதான். காரை விட்டிறங்கி வயலில் மாட்டைத் தடவலாம். உதிரும் இலையைக் கையில் ஏந்தலாம். உடையில்லாமல் ஆபீசுக்குப் போனால் வேலை போகும்! விபரீதமான படியும் ஒன்று உண்டு.

ஐந்தும் முடிந்ததும் ஊரே காலி. மாடி விளிம்பில் ஒருவன் நிற்கிறான். யார்? அவனேதான்! பிறகு நடப்பது நெஞ்சை உலுக்குகிறது.

ஆனால் என் மனத்தில் நின்றவள் அந்த மனைவி. அவன் என்ன மாறினாலும், மறுநாள் அவள் அதே அடுப்பின் முன்தான். அவளுக்கு ஐந்து படிகளை யாரும் சொல்லவில்லை. அடுப்படி வெறிச்சோடிய பிறகுதான் அவள் அங்கே நின்றதே நினைவுக்கு வருகிறது.

சகோதரிகளே, நம் வீட்டிலும் அப்படித்தானோ?