பதவி போன பயிற்சியாளர்கள்

ஒரு கலாசாலை தன் கால்பந்துக் கோஷ்டியின் தலைமைப் பயிற்சியாளரை, வெற்றி போதவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறது. ஒப்பந்தத்தில் வருஷங்கள் பாக்கியிருப்பதால் நஷ்டஈடாக 80 லக்ஷம் டாலருக்கு மேல் தவணை தவணையாகக் கொடுக்கவும் கடமைப்படுகிறது. அம்மனிதர் சில மாதங்களுக்குள், வருஷந்தோறும் தம்மைத் தோற்கடித்து வந்த பக்கத்து ராஜ்யத்துக் கலாசாலைக்கே போய், வருஷத்துக்கு 35,000 டாலர் சம்பளத்தில் ஒரு கீழ் உத்தியோகத்தில் அமர்கிறார். இது கட்டுக்கதையல்ல. 2017 நவம்பரில் டென்னஸி சர்வகலாசாலையிலிருந்து நீக்கப்பட்ட புட்ச் ஜோன்ஸ் என்பவர் 2018-ல் அலபாமா சர்வகலாசாலையில் சேர்ந்த வரலாறு இது.

அமெரிக்காவில் எவரோ பதவி இழந்தால் ராயப்பேட்டைக்கு அதனால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நம் ஊரில் பதவியிலிருந்து இறங்கிய பயிற்சியாளர்கள் என்ன ஆகிறார்கள் என்று திருப்பிக் கேட்க விரும்புகிறோம். அதற்கு முன், அங்கே நடப்பதைச் சற்று விவரமாகப் பார்ப்பது நலம்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லுவது நாம் சொல்லும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, மார்போடு மார்பு மோதி, கெஜம் கெஜமாக முன்னேறும் ஆட்டம் அது. கலாசாலைகள் இவ்வாட்டத்தை நடத்துவது விளையாட்டுக்காக மட்டுமல்ல. டெலிவிஷன் உரிமையிலும் நுழைவுச் சீட்டிலும் வரும் வருமானத்துக்காகவும்தான். அந்நாட்டின் பல ராஜ்யங்களில் சர்க்கார் சம்பளம் வாங்குவோரில் முதல் ஸ்தானம் கவர்னருக்கு அல்ல, கலாசாலைப் பயிற்சியாளருக்கே. 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, அவரை வேலை செய்யாமல் இருக்கச் செய்வதற்கு ஒப்புக்கொண்ட தொகை 7 கோடியே 50 லக்ஷம் டாலருக்கும் அதிகம். கல்விச் சாலையில் இப்படியும் ஒரு செலவு உண்டா என்று நம்மவர் வியப்பதில் தவறில்லை.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் யுக்திகளும் பிறப்பது இயல்பு. நீக்கப்பட்டவர் வேறிடத்தில் வேலை பார்த்து எவ்வளவு சம்பாதிக்கிறாரோ, அவ்வளவைப் பழைய கலாசாலை தன் நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று பல ஒப்பந்தங்களில் ஷரத்து இருக்கிறது. ஆகவே புதிய இடத்தில் சம்பளம் ஏறினால் அவருக்கு லாபமில்லை, குறைந்தால் நஷ்டமுமில்லை. பழைய எஜமானர் படியளக்கிறார், புதிய எஜமானர் வேலை வாங்குகிறார். நெல் ஒருவர் களஞ்சியத்திலிருந்து, சோறு மற்றொருவர் பந்தியில்!

கலாசாலை விளையாட்டுக்களை ஆளும் தேசியச் சங்கத்தின் விதி ஒன்றும் இதற்கு வழி செய்தது. மைதானத்தில் இறங்கி மாணவருக்குக் கற்பிக்கும் உதவிப் பயிற்சியாளர்கள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று அச்சங்கம் வரம்பு கட்டியிருந்தது. முன்பு 9 பேர். 2018 முதல் 10 பேர். ஆட்ட ஆய்வாளர் என்ற பெயரில் உள்ளே அறையில் உட்கார்ந்து, எதிரியின் ஆட்டத்தைப் படச்சுருளில் பார்த்து, அவன் பலமும் பலவீனமும் இன்னவையென்று குறிப்பெழுதுவோருக்கு இத்தகைய வரம்பு இல்லை. வாய் திறந்து மாணவனுக்கு ஒரு வார்த்தை கற்பிக்கக் கூடாது என்பதே அவர்களுக்கிருந்த தடை. அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் இந்த இடைவெளியைப் பிறர் எவரையும்விட நன்றாகக் கண்டுகொண்டார். பதவி போனவர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்து அந்த அறையில் உட்கார்த்தினார்.

இதில் வெறும் யுக்தியை மட்டும் காண்பவர் பாதிதான் காண்கிறார் என்பது நமது அபிப்பிராயம். ஸ்டீவ் சார்கீசியன் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளராயிருந்தவர். மதுவினால் விளைந்த சங்கடத்தில் 2015 அக்டோபரில் அப்பதவி போயிற்று, சிகிச்சைக்கும் போனார். அப்படிப்பட்டவரை எந்தக் கலாசாலையும் உடனே தலைமைக்கு அழைக்காது. 2016 செப்டம்பரில் அலபாமா அவருக்கு ஆய்வாளர் வேலை கொடுத்தது. நான்கு மாதங்களுக்குள், 2017 ஜனவரியில் தேசிய இறுதிப் பந்தயத்துக்கு முன்னால், தாக்குதல் ஆட்டத்தை நடத்தி வந்தவர் வேறிடம் போக, அந்தப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அப்பந்தயம் தோல்வியில் முடிந்தது என்பது உண்மையே. ஆனால் அவர் பின்னர் மீண்டும் அங்கே வந்து, 2020-ஆம் ஆண்டுப் பருவத்தில் தேசிய வெற்றிக்குத் துணை நின்று, 2021-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளரானார். நியூ மெக்ஸிகோவில் 2011-ல் நீக்கப்பட்ட மைக் லாக்ஸ்லியும் அதே அறையில் 2016-ல் உட்கார்ந்து, படிப்படியாக ஏறி, மேரிலாண்டு சர்வகலாசாலையின் தலைமையைப் பெற்றார். புட்ச் ஜோன்ஸுக்கும் 2020 டிசம்பரில் ஆர்கன்ஸா ஸ்டேட் சர்வகலாசாலையில் தலைமைப் பதவி கிட்டியது.

நம் மனத்தை அதிகம் கவர்ந்தவர் வில் மஸ்சாம்ப். 2000-ல் வல்டோஸ்டா என்ற சிறு கலாசாலையில் அவர் தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாளர்; அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர் கர்பி ஸ்மார்ட். இருபது வருஷம் சென்றது. மஸ்சாம்ப் இரண்டு பெரிய கலாசாலைகளில் தலைமை வகித்து இரண்டிலும் பதவி இழந்தார். ஸ்மார்ட்டோ ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். 2021-ல் மூத்தவர் இளையவரிடம் ஆய்வாளராகப் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஜார்ஜியா தேசிய வெற்றி பெற்றது. நேற்று தன் சொல் கேட்டு ஓடியவன் முன்னால், இன்று குறிப்புப் புஸ்தகத்துடன் உட்காருவது எளிய காரியமல்ல. நம் நாட்டில் எத்தனை பேருக்கு இது சாத்தியப்படும்?

இந்த ஏற்பாட்டின் தீமையையும் மறைக்க விரும்பவில்லை. பணக்காரக் கலாசாலைகள் அனுபவசாலிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஏழைக் கலாசாலைக்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை. அறையில் உட்கார்ந்து தொழில் பழகவேண்டிய வாலிபர்களின் இடத்தை, தலைமைப் பதவி வகித்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். வாயைக் கட்டிப்போட்ட விதியும் நடைமுறையில் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்ற சந்தேகம் அங்கேயே பலருக்கு இருந்தது. கடைசியில் 2024 ஜூனில் சங்கம் அத்தடையை நீக்கி, கோஷ்டியைச் சேர்ந்த எந்தப் பயிற்சியாளரும் மைதானத்தில் கற்பிக்கலாம் என்று தீர்மானித்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய சேப்பாக்கத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எரிக் சைமன்ஸ் 2002 முதல் 2004 வரை தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் கோஷ்டியின் தலைமைப் பயிற்சியாளர். ஒரு தேசத்தின் கோஷ்டியை நடத்தியவர், பின்னர் 2011-ல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கோஷ்டியில் பந்துவீச்சை மட்டும் கவனிக்கும் துணைவராக இருந்தார். அதன்பின் சென்னை சூப்பர் கிங்ஸில், நம் லக்ஷ்மிபதி பாலாஜி பந்துவீச்சுப் பயிற்சியாளராயிருந்த காலத்தில், அவருக்குப் பக்கத்தில் ஆலோசகராக உட்கார்ந்தார். அதனால் அவருடைய கௌரவம் குறைந்ததாக எவரும் எண்ணவில்லை.

கால்பந்தில் காலித் ஜமீல். சிறிய மிஜோரம் ராஜ்யத்து ஐஸ்வால் கோஷ்டிக்கு 2017-ல் தேசிய லீக் வெற்றியைத் தேடித் தந்தவர். அதன் பிறகு கல்கத்தாவின் கிழக்கு வங்காளத்தையும் மோகன் பகானையும் பயிற்றுவித்தார். அத்தகையவர் 2019-ல் வடகிழக்கு யுனைடெட் கோஷ்டியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமையிலிருந்த அந்நிய நாட்டார் இரண்டு தடவை நீக்கப்பட்டபோது, இரண்டு தடவையும் கப்பலைக் கரை சேர்க்க இவரையே கூப்பிட்டார்கள். 2021-ல் அக்கோஷ்டியின் தலைமை நிரந்தரமாகக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் இந்தியக் கோஷ்டிக்கே தலைமைப் பயிற்சியாளரானார்.

அரசியல் தொண்டர்களான நம் வாசகர்களுக்கு இந்த மனப்பான்மை புதிதன்று. 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரலாக நாட்டின் முதல் ஆசனத்தில் அமர்ந்திருந்த ராஜாஜி, அவ்வருஷமே இலாகா இல்லாத மந்திரியாக நேருவின் மந்திரி சபையில் சேர்ந்தார்; 1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக வந்தார். அவருடைய கொள்கைகளோடு மாறுபட்டவர்கள் ஏராளம். ஆனால் இறங்கி வந்து வேலை செய்தார் என்பதற்காக அவரை ஏளனம் செய்தவர்களை நாம் அறியோம்.

நமது கலாசாலைகளின் நிலை என்ன? ராயப்பேட்டையில் பீட்டர்ஸ் சாலையில் 1951-ல் தொடங்கிய நியூ காலேஜ் இருக்கிறது. சற்றுத் தூரத்தில் அண்ணாசாலையில் காயிதே மில்லத் பெயரால் சர்க்கார் மகளிர் கலாசாலை இருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. மைதானம் ஒன்றும் இருக்கிறது. அரசியல் கூட்டத்துக்காக அங்கே போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, பந்தாட்டம் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேரோ! இப்பேட்டை என்றில்லை, தமிழ்நாட்டுக் கலாசாலைகளில் பெரும்பாலானவற்றில் தேகப்பயிற்சிக்கு ஒரே ஒரு டைரக்டர். கால்பந்து, வாலிபால், கபடி, ஓட்டம், தாண்டல் எல்லாவற்றுக்கும் அவரே குரு. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதும், ரயில் சீட்டு வாங்குவதும், சட்டைக் கணக்கு எழுதுவதும் அவரே. சரித்திரத்துக்கும் ரசாயனத்துக்கும் ஒரே உபாத்தியாயரை வைத்துக் கலாசாலை நடத்த எந்த நிர்வாகியாவது துணிவாரா?

இது இப்படியிருக்க, மறுபக்கத்தில் அறிவு வீணாகிறது. சென்னைக் கால்பந்தைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றவை இந்தியன் வங்கி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, சுங்க இலாகா முதலிய உத்தியோக சாலைகளின் கோஷ்டிகள். அவற்றில் ஆடியவர்களும் அவற்றைப் பயிற்றுவித்தவர்களும் குமாஸ்தாவாகவோ அதிகாரியாகவோ பென்ஷன் பெற்று வீட்டில் இருக்கிறார்கள். 1961-ல் பட்டியாலாவில் ஏற்பட்ட தேசிய விளையாட்டுக் கழகத்தில் சர்க்கார் பணத்தில் பயின்று, சர்க்கார் பயிற்சியாளராக உழைத்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அறுபதாம் வயதில் மாலை போட்டு, குத்துவிளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மறுநாள் காலையில் ஒரு பையன் வலக்காலால் மட்டுமே பந்தை உதைக்கிறான். இடக்காலைப் பழக்கு என்று சொல்ல அங்கே ஆளில்லை. அமெரிக்கர் நீக்கியவரைக்கூடப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நாமோ குற்றம் ஒன்றும் செய்யாமல் வயது மட்டும் ஆனவரை மறந்துவிடுகிறோம்.

குருவின் வித்தை அவரோடு போய்விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு ஹைதராபாத்து உபாத்தியாயர் சையத் அப்துல் ரஹீமின் வரலாறே போதும். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் தேடித் தந்தவர் அவர். 1956 ஒலிம்பிக்கில் நான்காம் ஸ்தானமும் அவர் காலத்தில்தான். 1963-ல் அவர் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் அதற்குப் பிறகு நமக்கு வரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. மூத்தவர் பக்கத்தில் இளையவரையும், இளையவர் பக்கத்தில் மூத்தவரையும் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றாததும் அவற்றில் ஒன்று என்றே நினைக்கிறோம்.

இப்போதுள்ள டைரக்டர் தம் தலைக்குமேல் இன்னொரு தலை முளைப்பதாக அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. ஆகையால் ஓய்வு பெற்றவரை நியமிக்கும்போது, அதிகாரம் டைரக்டருடையது, ஆலோசனை மட்டுமே வந்தவருடையது என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிவிடவேண்டும். கையெழுத்திட்ட பிறகும் பழைய பெருமை பேசி மைதானத்தில் அதட்டுகிறவரை நயமாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சன்மானம் சிறிதாயிருந்தாலும் பகிரங்கமாயிருக்கவேண்டும். அமெரிக்க ஷரத்துக்களின் மறைவு நமக்கு வேண்டாம். வாலிபருக்கு உரிய நிரந்தர உத்தியோகத்தைப் பென்ஷன் வாங்குவோரைக் கொண்டு நிரப்பிச் சம்பளம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஏதேனும் நிர்வாகம் கணக்குப் போடுமானால், அதை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாகவே இருப்போம். பெண்கள் கலாசாலைகளில் ஓய்வு பெற்ற பெண் பயிற்சியாளர்களை அமர்த்துவது இன்னும் அவசியம். அவர்களில் பலர் குடும்பத்தையும் உத்தியோகத்தையும் சுமந்துகொண்டே பயிற்சி கொடுத்தவர்கள். அந்த அனுபவம் புஸ்தகத்தில் கிடைக்காது.

அமெரிக்கரிடம் கற்றுக்கொள்வதா என்று கூசவும் வேண்டியதில்லை. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையைத் தொடங்கி, 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் கோஷ்டியை அழைத்துச் சென்ற ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கரே. இன்று நந்தனத்தில் இருக்கும் அக்கலாசாலையிலிருந்து வந்தவர்களே நம் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தேகப்பயிற்சி கற்பித்து வருகிறார்கள்.

இப்பேட்டைக் கலாசாலைகளின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வருஷக் கோஷ்டிகளைப் பொறுக்குவதற்கு முன், ராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஓய்வு பெற்று வசிக்கும் பயிற்சியாளர்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரியுங்கள். உங்கள் தேகப்பயிற்சி டைரக்டரையே கேளுங்கள். அவர்களில் பாதிப் பேரிடம் அவரே மாணவராயிருந்து பந்துதைக்கக் கற்றிருக்கக்கூடும்.