பால்சுறாவும் கொம்பன் சுறாவும்

"பிள்ள பெத்தவளுக்குப் பால்சுறா குடுங்க, பால் ஊறும்" என்று மூத்தும்மாமார் சொல்லாத வீடு நமது கரையோர ஊர்களில் குறைவு. ஆனால் சந்தையில் பால்சுறா என்று வெட்டித் தருவதெல்லாம் பால்சுறாதானா? தலையும் செட்டையும் போய்த் துண்டமான பிறகு, கொம்பன் சுறாக் குட்டியைக்கூட அந்தப் பெயரில் விற்றுவிடலாம்.

இரண்டும் உயிரியலாளர் 'தரைச்சுறா' என வகுக்கும் பெருவரிசையைச் சேர்ந்தவை. 270க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உள்ளன. பெயரைப் பார்த்து இவையெல்லாம் கடலடியில் கிடப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. முதுகில் இரண்டு செட்டை, கண்ணை மூடிக் காக்கும் ஓர் உள்ளிமை ஆகியவையே இவ்வரிசையின் அடையாளங்கள். நாம் இங்கு ஒப்பிடும் இரண்டும் முட்டையிடுவதில்லை. தொப்புள்கொடி வழியே ஊட்டி வளர்த்துக் குட்டி போடுகின்றன.

பால்சுறா பெரும்பாலும் ஒரு மீற்றரளவே வளரும். ஓர் ஈற்றில் ஒன்று முதல் எட்டுக் குட்டிகள். ஆனால் இரண்டு மூன்று வருடங்களிலேயே பருவமடைந்துவிடும். கொம்பன்களில் நெற்றி விளிம்பு அலையலையாய் வளைந்த இனமோ மூன்று மீற்றரையும் தாண்டும். ஓர் ஈற்றில் 12 முதல் 40 குட்டிகள் வரை போடும்.

அப்படியென்றால் கொம்பன்தானே பெருக வேண்டும்? நடப்பது தலைகீழ். அதன் பெண் பருவமடையப் பத்து வருடங்களுக்கு மேலாகும். கரையோர ஆழமற்ற நீரில் வளரும் குட்டிகள் தாயாகுமுன்னரே வலையில் படுகின்றன. அகன்ற தலை இலகுவில் சிக்கிக்கொள்ளும். செட்டைக்குக் கிடைக்கும் விலை வளர்ந்தவற்றையும் விட்டுவைப்பதில்லை.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இக்கொம்பன் இனம் இன்று 'மிக அருகிய இனம்'. அதற்கடுத்த படி, இயற்கையில் அற்றுப்போவதுதான். ஒரு காலத்தில் 'கவலைக்கிடமற்றது' எனப்பட்ட பால்சுறாவும் 'அழியவாய்ப்புள்ள இனம்' என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. வேகமாகப் பெருகும் மீனையும் அதைவிட வேகமாகப் பிடித்தால் இதுதான் கதி.

சைட்டிஸ் உடன்படிக்கை 2014 முதல் இக்கொம்பன் இனத்தையும், 2023 முதல் பால்சுறாவையும் தன் இரண்டாம் பட்டியலின் கீழ்க் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்துக்கான விதி. உள்ளூர்ச் சந்தையை அது எட்டாது. அங்கே தீர்மானிப்பவர் வாங்குகிறவர்தான்.

கடலுணவு நமக்கு ஹலால். கடல் நம்மிடம் உள்ள அமானிதமும்கூட. அடுத்த தடவை பால்சுறா வாங்கும்போது, வெட்டுமுன் "தலையக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொம்பு தெரிந்தால் வேறு மீன் பாருங்கள்.