நான்காவது பட்டை

விமானியாக வேண்டுமென்று ஆசைப்படும் இளைஞர் ஒவ்வொருவரும் மனக்கண்ணில் காண்பது, தோளில் நான்கு பொற்பட்டைகள் மின்ன, விமானத்தின் இடப்பக்க ஆசனத்தில் கேப்டனாக வீற்றிருக்கும் தம் உருவத்தைத்தான். அப்பதவி தேடி வந்தபோதும், ‘துணை விமானியாகவே இருந்துவிடுகிறேன்’ என்று நூற்றுக்கணக்கானோர் ஒதுங்கிக்கொண்ட விசித்திரம் அமெரிக்காவில் நிகழ்ந்திருக்கிறது. 2023-இல் வெளிவந்த கணக்கின்படி, யுனைடெட் ஏர்லைன்ஸ் அறிவித்த கேப்டன் ஸ்தானங்களில் ஏறக்குறையப் பாதி, கேட்பாரின்றிக் காலியாகக் கிடந்தன. இத்தனைக்கும் கேப்டனின் சம்பளம் துணை விமானியினுடையதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. கௌரவத்தையும் பொருளையும் ஒருங்கே வேண்டாமென்றவர்களைப் பொறுப்புக்கு அஞ்சியவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது அநியாயம்.

அவர்களுடைய வாழ்க்கையை ஆட்டிவைப்பது பணிமூப்பு. எந்தப் பயணம், எந்த நாளில் விடுமுறை, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பவர் யார் என்பதையெல்லாம், கம்பெனியில் சேர்ந்த தேதியைக்கொண்டு அளிக்கப்படும் ஓர் எண்ணே தீர்மானிக்கிறது. அந்த எண்ணின் பலமோ ஊருக்கு ஊர், விமான ரகத்துக்கு ரகம், ஆசனத்துக்கு ஆசனம் மாறுவது. ஆதலால் பல்லாண்டு உழைத்துத் துணை விமானிகளின் வரிசையில் முதலிடத்துக்கு வந்த ஒருவர், பதவி உயர்வு பெற்ற மாத்திரத்தில் கேப்டன்களின் வரிசையில் கடைசி ஆளாகிறார். 737-ஐ விட்டு, கண்டம் தாண்டும் 777-ஐ நாடிச் செல்பவருக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

கடைசி ஆளுக்கு வாய்ப்பது ‘ரிசர்வ்’. நிச்சயமான பயணம் எதுவுமில்லை. யாருக்கேனும் உடம்புக்கு முடியாமற்போனாலோ, புயலால் அட்டவணை குலைந்தாலோ அழைப்பு வரும். வந்தால் இரண்டொரு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குடும்பம் ஓரூரிலும் பணித்தளம் வேறோரூரிலுமாக இருப்பவர், ‘க்ராஷ் பேட்’ எனப்படும் வாடகை வீட்டில், பிற விமானிகளோடு அடுக்குக் கட்டிலொன்றில் இடம்பிடித்து, சலவை செய்த சட்டையைக் கட்டில் கம்பியில் மாட்டிவைத்து, தலையணையருகே தொலைபேசியோடு படுத்திருக்கிறார். அழைப்பே வராத நாளிலும் அவர் வீட்டில் இல்லை. குழந்தையின் பிறந்தநாளும் மனைவியின் காய்ச்சலும் அவருக்குத் தொலைபேசியில் கேட்கும் செய்திகள்.

இது குடும்ப சுகத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். கேப்டனின் தவறான இயக்கமே மூலகாரணம் என்று விசாரணை முடிவு செய்தது. எனினும், துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்ததும், கேப்டன் முந்திய இரவை விமான நிலைய ஓய்வறையில் கழித்ததும் அவ்விசாரணையில் வெளிப்பட்டன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்ற விதி 2014-இல் அமலுக்கு வந்தது அந்தத் துயரத்தின் பின்னர்தான். தூக்கத்தையும் இல்லத்தையும் பேணுகிற விமானி, பயணிகளின் உயிரையும் பேணுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

மூத்தவர்கள் மறுக்க, இடப்பக்க ஆசனம் இளையவர்களுக்கு விரைவில் கிடைத்தது. சட்டம் கோரும் தகுதி அவர்களுக்கு உண்டுதான். ஆயினும் நீண்ட அனுபவம் வலப்பக்கத்திலும் அதிகாரம் இடப்பக்கத்திலுமாகப் பிரிந்து அமர்வதை நல்ல ஏற்பாடென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2023 செப்டம்பரில் யுனைடெட் விமானிகள் ஏற்ற ஒப்பந்தம், நான்காண்டுகளில் 40 சதவீதம் வரை ஊதிய உயர்வு தந்ததோடு, பணி அட்டவணையின் துன்பங்களையும் ஓரளவு தணிக்க முற்பட்டது. மற்றக் கம்பெனிகளும் கேப்டன் பதவிக்கு ஆள் இல்லையென்று குறைகூறுமுன், முதலில் அந்த ரிசர்வ் அட்டவணையைத் திருத்தட்டும்.